பச்சையாகத் தெரிந்தால் போதாது: வைரஸ் புரதம் உட்கருவுக்குள் போகிறதா என்று பார்ப்பது எப்படி?

பெங்களூருவில் பூச்சி வைரஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், ஒரு படத்தைக் காட்டி லேப் முழுக்க மைசூர்பாகு கொடுத்துவிட்டேன். மறுநாளே அசடு வழிந்தது. அந்த வழியில் நீங்களும் போகாமல் இருக்கத்தான் இந்தப் பதிவு.

பூச்சிகளைத் தாக்கும் பாக்குலோவைரஸ் தன் டிஎன்ஏவைப் பிரதி எடுப்பது பூச்சி செல்லின் உட்கருவுக்குள். அதற்கு வேண்டிய புரதங்களோ வெளியே, சைட்டோபிளாசத்தில் தயாராகின்றன. பெரிய புரதம் என்றால் உட்கருத் துளையில் அனுமதிச்சீட்டு காட்டியாக வேண்டும். பெரும்பாலும் அது லைசின், ஆர்ஜினின் நிறைந்த ஒரு சின்னத் துண்டு. இம்போர்ட்டின் என்ற சுமைதூக்கிப் புரதம் அதைப் பிடித்து உள்ளே இழுத்துப்போகும். நம் புரதத்தில் அந்தச் சீட்டு இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

முதலில் உங்கள் ஜீனை ஜிஎஃப்பியோடு (பச்சையாக ஒளிரும் புரதம்) ஒட்டி பிளாஸ்மிட் (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) செய்துகொள்ளுங்கள். குளோனிங் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஜீனை இயக்கும் சுவிட்சான புரோமோட்டர் மட்டும், வைரஸ் இல்லாமலே வேலை செய்யும் ஐஇ1 ஆக இருக்கட்டும். பாலிஹெட்ரின் புரோமோட்டர் வைரஸின் சொந்த ஆர்என்ஏ பாலிமரேஸ் (ஜீனைப் படிக்கும் நொதி) வந்தால்தான் வேலை செய்யும். வைரஸ் இல்லாத செல்லில் எத்தனை நாள் காத்தாலும் இருட்டுதான்.

அடுத்து எஸ்எஃப்9 என்ற பூச்சி செல்லில் அதை ஏற்றுங்கள். 27 டிகிரி போதும், கார்பன் டைஆக்சைடு வேண்டாம். (ஏப்ரல் மாதம் இன்குபேட்டர் ரிப்பேர் ஆனபோது தட்டை மேசையிலேயே வைத்துச் சமாளித்தோம். இந்த ஊர் வெயிலுக்கு ஒரு நன்றி!)

இரண்டு நாள் கழித்து டிஎன்ஏவில் ஒட்டி உட்கருவைக் காட்டும் ஹோக்ஸ்ட் சாயம் போட்டு, உயிரோடு இருக்கும்போதே பாருங்கள். கன்ஃபோகல் (செல்லை அடுக்கடுக்காகக் காட்டும் மைக்ராஸ்கோப்) இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். எஸ்எஃப்9 உருண்டை செல். சாதாரண ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் உட்கருவுக்கு மேலே இருக்கும் பச்சையும் உள்ளே இருப்பதுபோலத் தெரியும்.

இப்போது நான் விழுந்த இடம். என் புரதம் 12 கிலோடால்டன் (புரத எடையின் அலகு), ஜிஎஃப்பி 27. சேர்த்தால் 39. சுமார் 40 வரை உள்ளவை துளை வழியே சீட்டு இல்லாமலே கசிந்து போகும்! படத்தைப் பார்த்த சீனியர் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "வெறும் ஜிஎஃப்பி போட்டுப் பாத்தியாப்பா?" போட்டேன். அதுவும் உட்கருவுக்குள் ஜம்மென்று இருந்தது.

ஆகவே புரதத்தின் எடையைக் கூட்டுங்கள். மூன்று ஜிஎஃப்பியை வரிசையாக ஒட்டச் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காது, ஒரே வரிசை திரும்பத் திரும்ப வந்தால், பிளாஸ்மிட்டைப் பெருக்கும் பாக்டீரியாவுக்குள் பாதி கழன்றுபோக வாய்ப்பு உண்டு. நான் 42 கிலோடால்டன் மால்டோஸ் பிணைப்புப் புரதத்தைச் சேர்த்தேன். மொத்தம் 81, இனி கசிய முடியாது. கூடவே ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு கன்ட்ரோல் தட்டுகள்: உங்கள் புரதம் இல்லாமல் ஜிஎஃப்பியும் மால்டோஸ் பிணைப்புப் புரதமும் மட்டும் உள்ள ஜோடி (இது வெளியே நிற்க வேண்டும்), எஸ்வி40 வைரஸின் புகழ்பெற்ற ஏழு அமினோ அமிலச் சீட்டை ஒட்டிய அதே ஜோடி (இது உள்ளே போக வேண்டும்). இவை சரியாக வந்த பிறகே உங்கள் தட்டைப் பாருங்கள். உள்ளே இருந்தால், சந்தேகப்படும் லைசின்களை அலனினாக மாற்றித் திரும்ப ஏற்றுங்கள். புரதம் வெளியே நின்றுவிட்டால் சீட்டு அங்கேதான்.

பின்சேர்க்கை: "என் புரதம் பெரியது, வெளியேதான் நிற்கிறது, அப்படியென்றால் உட்கருவில் வேலை இல்லையா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அவசரப்படாதீர்கள். ஏசிஎம்என்பிவி என்ற பாக்குலோவைரஸின் ஹெலிகேஸ் (டிஎன்ஏ இழைகளைப் பிரிக்கும் புரதம்), பி143, தனியாக ஏற்றினால் சைட்டோபிளாசத்திலேயே கிடக்கும். லெஃப்-3 என்ற இன்னொரு வைரஸ் புரதத்தையும் சேர்த்து ஏற்றினால் அதன் தோளில் தொற்றி உள்ளே போய்விடும். எனவே வைரஸ் தொற்றிய தட்டு ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். அதை மட்டும் தொற்றிய ஒரு நாளுக்குள் பார்த்துவிடுங்கள். தாமதித்தால் உட்கரு வீங்கி செல்லையே நிறைத்துவிடும், எது உள்ளே எது வெளியே என்று பிரித்துப் பார்க்க முடியாது.