பழைய கேமை மீட்கப் போய் கெடுத்துக்கொள்ளாமல் இருக்க

டூம் என்ற பழைய துப்பாக்கிச் சண்டை கேமை ஓட்டும் சாக்லேட் டூம் என்ற இலவச மென்பொருளை இறக்கி ஆசையாகத் திறந்தால் கேம் வராது. ஐவாட் கோப்பு (கேமின் படங்களும் மட்டங்களும் அடங்கியது) கிடைக்கவில்லை என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் வந்து நிற்கும். பலர் அந்த இடத்திலேயே ‘இது ஓடாது’ என்று முடிவுகட்டி அழித்துவிடுகிறார்கள். இன்னும் சிலர் ‘முழு கேமும் உள்ளே இருக்கிறது’ என்று ஆசைகாட்டும் ஏதோ ஒரு தளத்துக்குப் போய், எக்ஸி கோப்போடு சேர்த்து வைரஸையும் வீட்டுக்குக் கூட்டிவருகிறார்கள். போர்ட்டில், அதாவது இப்படிப் பழைய கேமைப் புதிய கணினியில் ஓடவைக்கும் மென்பொருளில், எந்தக் கோளாறும் கிடையாது. அது அடுப்பையும் பாத்திரத்தையும் கொடுத்துவிட்டது. அரிசி நம் வீட்டிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஒன்று புரிந்துவிட்டால் மீதித் தவறுகளில் பாதி தானாகவே குறைந்துவிடும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எஞ்சின் வேறு, கேமின் சரக்கு வேறு

டூம் 1993 டிசம்பர் 10 அன்று வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 1997 டிசம்பர் 23 அன்று, அதை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் அதன் மூல நிரலைப் பொதுவில் வைத்தது. டாஸ் பதிப்பில் இருந்த ஒலி நூலகம் வேறொருவருக்குச் சொந்தம் என்பதால் லினக்ஸ் பதிப்பின் நிரல்தான் கிடைத்தது. 1999இல் அதே நிரல், யாரும் மாற்றிப் பகிரக்கூடிய ஜிபிஎல் உரிமத்துக்கு மாறியது. சாக்லேட் டூம், ஜிஇசட்டூம், டிஎஸ்டிஏ டூம் எல்லாம் அந்த நிரலின் வழி வந்தவை. ஆனால் நிரல்தான் வெளியே வந்ததே தவிர, படங்கள், ஒலிகள், மட்டங்கள் அடங்கிய வாட் கோப்பு இன்றும் விலைக்கு உள்ள பொருள். ஸ்டீம், ஜிஓஜி போன்ற இணையக் கடையில் டூமை வாங்கி, அந்த ஃபோல்டரில் இருக்கும் வாட் கோப்பைப் போர்ட்டுக்குக் காட்டினால் போதும். காசு செலவழிக்க மனமில்லாதவர்களுக்கும் நேர்மையான வழி உண்டு. அந்தக் காலத்திலேயே முதல் ஒன்பது மட்டங்களை ஷேர்வேராக இலவசமாகக் கொடுத்தார்கள். அப்புறம், ஆர்வலர்களே புதிதாக வரைந்து சேர்த்த ஃப்ரீடூம் இருக்கிறது.

நிண்டெண்டோ 64 என்ற கேம் கருவிக்கு வந்த கேம்களின் கதை வேறு. அங்கே யாரும் நிரலைத் தரவில்லை. ரோமில், அதாவது கேம் கார்ட்ரிட்ஜின் நகல் கோப்பில், இருக்கும் எந்திர மொழியை ஆர்வலர்கள் வரிவரியாகப் படித்து, அதே ரோமை ஒரு பைட்கூட மாறாமல் திரும்ப உருவாக்கும் சி நிரலை எழுதினார்கள். சூப்பர் மரியோ 64க்கு அப்படி எழுதியதிலிருந்துதான் 2020இல் கணினிப் பதிப்பு பிறந்தது. செல்டா வரிசையின் ஓக்கரினா ஆஃப் டைமுக்கு 2022இல் ஷிப் ஆஃப் ஹார்க்கினியன் வந்தது. அதற்கும் கேமின் ரோமை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். இந்தத் திட்டங்களின் அரட்டைக்குழுவில் போய் ‘ரோம் எங்கே கிடைக்கும்?’ என்று கேட்காதீர்கள். கேட்பவருக்கு அது சாதாரணக் கேள்வி. நிண்டெண்டோவின் வக்கீல்களுக்கு அது ஆதாரம். பல ஆண்டு உழைப்பை அதனால் இழக்கும் அபாயத்தில் இருப்பவர்கள் கோபப்படுவதில் நியாயம் உண்டு.

எல்லாப் போர்ட்டும் இப்படித்தான் என்றும் நினைக்க வேண்டாம். ட்ரான்ஸ்போர்ட் டைகூன் கேமின் வழி வந்த ஓப்பன்டிடிடி, 2010இல் வந்த 1.0 பதிப்பிலிருந்தே சொந்தப் படங்களோடு ஓடுகிறது. ஓப்பன்ஆர்சிடி2வுக்கு அசல் ரோலர்கோஸ்டர் டைகூன் 2 தேவை. இறக்கும் முன் திட்டத்தின் முகப்புப் பக்கத்தில் இரண்டு நிமிடம் செலவழித்தால் இது தெரிந்துவிடும்.

எந்தப் பதிப்பு என்று பாராமல் மோட் போடுவது

ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் கேமுக்கு மோட் (ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றக் கோப்பு) போட்டவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் அடிபட்டிருப்பார்கள். கணினிக்கு 2005இல் வந்த 1.0 பதிப்பு ஒன்று. அதே ஆண்டு எழுந்த ஹாட் காஃபி சர்ச்சைக்குப் பிறகு, கேமுக்குள் மறைந்து கிடந்த பாலியல் காட்சியை அணுக முடியாதபடி மாற்றிய 1.01 இன்னொன்று. பிற்பாடு ஸ்டீமில் வந்தது வேறொன்று. அதில் 2014இல் உரிமம் முடிந்த பாடல்கள் சிலவும் காணாமல் போயின. பெரும்பாலான மோட்கள் 1.0வைக் குறிவைத்தே எழுதப்பட்டவை. காரணம் எளிது: கேமை வெளியிட்ட ராக்ஸ்டார் நிரலைத் தராததால், ஓடிக்கொண்டிருக்கும் கேமின் நினைவகத்தில் இன்ன முகவரியில் இன்ன எண் இருக்கும் என்று கண்டுபிடித்து அதைத்தான் மோட்கள் மாற்றுகின்றன. பதிப்பு மாறினால் முகவரி மாறிவிடும். கதவு எண்ணைப் பார்த்துக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகும் தபால்காரரைப் போல, மோட் தப்பான வீட்டில் போட்டுவிடும். கேம் சொல்லாமல் கொள்ளாமல் மூடிக்கொள்ளும்.

டூமில் சிக்கல் வேறு விதமானது. அங்கே போர்ட்டையே மாற்றித் தேர்ந்துவிடுவோம். அசல் எஞ்சின் ஒரே பார்வையில் 128 தள, கூரைப் பரப்புகளுக்கு மேல் தாங்காது, அதற்கு மேல் போனால் விழுந்துவிடும். சாக்லேட் டூம் அந்த வரம்பையும் வேண்டுமென்றே அப்படியே வைத்திருக்கிறது. 1993இல் விளையாடிய அதே அனுபவத்தைத் தருவதுதான் அதன் நோக்கம். அதில் போய் இன்றைய பிரம்மாண்ட மட்டம் ஒன்றைத் திறந்துவிட்டு மட்டத்தை எழுதியவரைத் திட்டக் கூடாது. மோட்டோடு வரும் சிறிய உரைக் கோப்பில், எந்தப் போர்ட்டில் சோதித்தார்கள் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அதைத் திறந்து பாருங்கள். என் கணக்கில் டூம் மோட் உலகத்தின் மிக அழகான வழக்கம் அந்த உரைக் கோப்புதான்.

அசல் ஃபோல்டரில் கைவைப்பது

எனக்கு இது பட்டுத் தெரிந்த பாடம். சான் ஆண்ட்ரியாஸில் கார், சாலை, ஆயுதம் என்று ஒரே மாலையில் முப்பது மோட்களை அசல் கோப்புகளின் மேலேயே எழுதினேன். கேம் ஓடவில்லை. எந்த மோட் காரணம் என்று தெரியவில்லை. திரும்பிப் போக அசல் கோப்பும் இல்லை. பழைய டிஸ்க்கும் கீறல் விழுந்து படிக்காமல் போயிருந்தது. பள்ளி நாட்களில் இருந்து வைத்திருந்த சேவும் (விளையாடிய இடத்தைச் சேமித்த கோப்பு) அதோடு போயிற்று.

அதன்பிறகு ஒரே பழக்கம்தான். கேமை நிறுவியதும், எதையும் தொடுவதற்கு முன், அந்த ஃபோல்டரை அப்படியே நகலெடுத்து வேறொரு டிரைவில் வைத்துவிடுவேன். மோட் போடுவதெல்லாம் இரண்டாவது நகலில். சான் ஆண்ட்ரியாஸுக்கு மோட் லோடர் என்ற ஒன்று இருக்கிறது, மோட் கோப்புகளைத் தனி ஃபோல்டரில் வைத்தாலே போதும், அசலைத் தொடாமல் கேம் ஓடும்போது மாற்றிக்கொள்ளும். டூம் இதைத் தொடக்கத்திலேயே சரியாகச் செய்திருக்கிறது. மோட் வாட்டை அசல் வாட்டின் மேல் ஏற்றி ஓட்டலாம், அசல் அப்படியே இருக்கும்.

ஒவ்வொரு மோட்டாகப் போடுங்கள். போட்டதும் கேமைத் திறந்து பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் அடுத்தது. பாதிக் கதையில் இருக்கும்போது மோட்டை நீக்குவதும் சேர்ப்பதும் சேவ் கோப்பைக் கெடுக்கும். மாரோவிண்ட் போன்ற கேம்களில், நீக்கிய மோட்டின் பொருளொன்றைச் சேவ் கோப்பு தேடிக்கொண்டே இருக்கும்.

எங்கே நிறுவுகிறோம் என்பதும் முக்கியம். பழைய கேம்கள் தம் ஃபோல்டரிலேயே அமைப்புகளை எழுதப் பழகியவை. விஸ்டாவிலிருந்து விண்டோஸ், புரோகிராம் ஃபைல்ஸுக்குள் அப்படி எழுத வருவதைத் தடுத்து, விர்ச்சுவல்ஸ்டோர் என்ற மறைவான ஃபோல்டருக்குத் திருப்பிவிடுகிறது. நீங்கள் ஒரு கோப்பைத் திருத்துவீர்கள், கேம் இன்னொன்றைப் படிக்கும். மணிக்கணக்கில் மண்டை காயும். டிரைவின் மேல்மட்டத்திலேயே ‘கேம்ஸ்’ என்று ஆங்கில எழுத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு அங்கே நிறுவுங்கள்.

ஆங்கில எழுத்து என்று ஏன் சொல்கிறேன் என்றால், இது தமிழில் கணினி வைத்திருப்பவர்களைத் தனியாகத் தாக்கும் சங்கதி. யூனிகோடுக்கு முந்தைய முறையில் கோப்புகளைத் திறக்கும் கேம்களுக்குத் தமிழ் எழுத்துள்ள பாதை புரியாது. ஐரோப்பிய மொழிகளுக்கும் ஜப்பானியத்துக்கும் விண்டோஸில் பழைய குறியீட்டுப் பட்டியல்கள் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று இருந்ததில்லை, யூனிகோடு மட்டும்தான். சான் ஆண்ட்ரியாஸ் போன்ற கேம்கள் சேவ் கோப்பை டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் வைக்கின்றன. உங்கள் விண்டோஸ் பயனர் பெயர் தமிழ் எழுத்தில் இருந்தால் அந்தப் பாதையிலும் தமிழ் வந்துவிடும். சேவ் ஆகவில்லை என்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அழகுபடுத்துவதாக நினைத்து உருமாற்றுவது

டூமின் படம் 320க்கு 200 புள்ளிகள். ஆனால் அது 4:3 திரைக்காக வரையப்பட்டது. ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு உயரமாகத் தெரிய வேண்டும். புள்ளிகளைச் சதுரமாகக் காட்டினால் பூதங்கள் குட்டையாகிவிடும். அகலத் திரைக்கு இழுத்துவிட்டால் இன்னும் மோசம். போர்ட்டின் அமைப்பில் விகிதம் பற்றிய தெரிவைத் தேடி அதைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படம் திரையில் வருகிறது என்பது. டூமின் உள் கடிகாரம் நொடிக்கு 35 முறை துடிக்கும். நல்ல போர்ட்கள் அதைத் தொடாமல், இரு துடிப்புகளுக்கு நடுவே படத்தை மட்டும் நிரப்பி மென்மையாக்குகின்றன. சான் ஆண்ட்ரியாஸில் மெனுவில் உள்ள பிரேம் லிமிட்டரை அணைத்தால் அப்படி நடக்காது. அங்கே சில கணக்குகள் பிரேம் வேகத்தோடு கட்டுண்டவை. நீச்சல் மந்தமாகிவிடும், இன்னும் பல விஷயங்கள் ஏறுமாறாகும். ‘என் கிராஃபிக்ஸ் கார்டு நன்றாக இருக்கிறதே’ என்று அணைத்துவிட்டு, ஒரு மிஷனில் நாள் முழுக்கத் தோற்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எச்டி டெக்ஸ்சர் தொகுப்புகளை (கேமின் பரப்புப் படங்களைத் தெளிவானவையாக மாற்றும் மோட்கள்) பற்றி எனக்குக் கறாரான கருத்து உண்டு. சான் ஆண்ட்ரியாஸில் டஃப் நட் டோனட்ஸ் என்று ஒரு கடை. கூரையில் பெரிய டோனட் போல இருப்பது உண்மையில் போல்ட்டில் மாட்டும் ஆறுபக்க நட். அந்தப் பெயரின் வேடிக்கையே அதில்தான். 2021 நவம்பரில் வந்த அதிகாரபூர்வ மறுபதிப்பான டெஃபினிட்டிவ் எடிஷனில் அதன் மூலைகளை மழித்து வட்டமாக்கிவிட்டார்கள். விலை போட்டு விற்ற பதிப்பிலேயே இது நடந்தது என்றால், யாரும் சரிபார்க்காமல் ஏஐயில் போட்டுப் பெரிதாக்கிய தொகுப்பில் எத்தனை இருக்கும்? கேமை ஒருமுறை அசலாக விளையாடி முடியுங்கள். எது மாற வேண்டும், எது மாறக் கூடாது என்று அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

அதே 2021இல் வைஸ் சிட்டி உள்ளிட்ட பழைய ஜிடிஏ கேம்களை மீள்நிரலாக்கிய ரீ3 குழுமீது, ராக்ஸ்டாரின் தாய் நிறுவனமான டேக்-டூ செப்டம்பரில் வழக்குப் போட்டது. டெஃபினிட்டிவ் எடிஷன் வருவதற்கு முன்பே பழைய பதிப்புகளும் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டன. உங்களிடம் இருக்கும் நிறுவல் கோப்பையும், பயன்படுத்தும் போர்ட்டின் மூல நிரலையும் ஒரு பென்டிரைவில் வைத்திருங்கள். நாளைக்கும் இணையத்தில் இருக்கும் என்ற நம்பிக்கையில் விட்டுவிட வேண்டாம்.

பழியைத் தப்பான ஆள்மேல் போடுவது

2024இல் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்ததும், சான் ஆண்ட்ரியாஸில் ஸ்கிம்மர் என்ற மிதவை விமானம் மறைந்துபோனது. வலுக்கட்டாயமாக வரவழைத்தால் நாயகனை அண்டவெளிக்கே தூக்கி எறிந்தது. சிலர் கேமின் பிழைகளைத் திருத்தும் சைலண்ட்பேட்ச் மோட்டைக் குற்றம் சொன்னார்கள், சிலர் மைக்ரோசாஃப்டை. பேட்ச்சை எழுதியவர் உட்கார்ந்து துருவிப் பார்த்து, 2025 ஏப்ரலில் காரணத்தை எழுதினார். வாகனங்களின் பட்டியல் கோப்பில் ஸ்கிம்மரின் வரியில் மட்டும் சக்கர அளவுக்கான எண்கள் விடுபட்டிருந்தன. வைஸ் சிட்டியில் அது படகாகப் பதிவாகியிருந்ததன் மிச்சம் அது. கேம் அந்த எண்களுக்குப் பதிலாக, முந்தைய வாகனத்தைப் படித்தபோது நினைவகத்தில் தங்கியிருந்ததையே எடுத்து இருபது வருடம் ஓட்டியிருக்கிறது. புதிய விண்டோஸ் அந்த இடத்தில் வேறெதையோ எழுதியதும் குட்டு உடைந்தது.

ஆகவே பிழை தெரிவிக்கும் முன், எல்லா மோட்களையும் நீக்கிய சுத்தமான நகலில் அதே பிழை வருகிறதா என்று பாருங்கள். வந்தால் போர்ட்டின் பதிப்பு எண், விண்டோஸ் பதிப்பு, லாக் கோப்பு, எந்த இடத்தில் என்ன செய்தபோது வந்தது என்பதோடு எழுதுங்கள். ‘ஓடலை, சரி பண்ணுங்க’ என்ற ஒற்றை வரியை வைத்து யாராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொருவர் மோட்டை எடுத்து உங்கள் பெயரில் ஏற்றுவதும், கேட்காமல் தொகுப்பில் சேர்ப்பதும் கூடாது. 2024 ஆகஸ்டில் டூமின் புதிய அதிகாரபூர்வ பதிப்பில் மோட்களைப் பகிரும் வசதி வந்தபோது இப்படித்தான் நடந்தது, எழுதியவர்களைக் கேட்காமலேயே அவர்கள் உழைப்பை வேறு யார் யாரோ ஏற்றினார்கள். நான் மேலே சொன்ன உரைக் கோப்பிலேயே பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: இந்த மட்டத்தை அடிப்படையாக வைத்து வேறொன்று செய்யலாமா, கூடாதா என்று. பதில் அங்கேயே இருக்கிறது. இல்லையென்றால் எழுதியவருக்கு ஒரு மடல் போட்டுக் கேளுங்கள்.