ஃபோன் நிறைந்துவிட்டதா? எதை முதலில் அழிப்பது, எதைத் தொடக்கூடாது

'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று ஃபோன் காட்டியதும் நம்மில் பலர் கேலரியைத் திறந்து குட் மார்னிங் படங்களை ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்துவிடுகிறோம். அரை மணி நேரம் கழித்தும் ஃபோன் அதையேதான் சொல்லும். வாட்ஸ்அப்பில் வரும் வாழ்த்துப் படம் ஒன்று 100, 200 கேபிதான். கேமராவில் எடுத்த படம் 3 முதல் 5 எம்பி. 1080பி தரத்தில் எடுத்த வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 130 எம்பி. 4கே என்றால் 350 எம்பி வரை போகும். கன்னியாகுமரி கடற்கரையில் சூரிய உதயத்தை 4கே-யில் ஐந்து நிமிடம் எடுத்தால் ஒன்றே முக்கால் ஜிபி போய்விடும். அந்த இடத்தை வாழ்த்துப் படங்களை அழித்து மீட்க வேண்டுமென்றால் எட்டாயிரம் படத்துக்கு மேல் அழிக்க வேண்டும்.

ஆகவே தேட வேண்டியது வீடியோக்களை, அதிலும் பெரிய வீடியோக்களை. கேமராவில் எடுத்தவை, குரூப்பில் வந்தவை, நீங்களே அனுப்பியவை என அவை மூன்று இடங்களில் கிடக்கும். மூன்றாவது இடம் பலருக்குத் தெரிவதில்லை. அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் கணக்கு

செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' என்பதைத் திறங்கள். ஃபோன் மொழியைத் தமிழில் வைத்திருந்தால் 'சேமிப்பகம்' என்று இருக்கும். படங்கள், வீடியோக்கள், செயலிகள், சிஸ்டம் எனப் பிரித்துக் காட்டும். 64 ஜிபி என்று வாங்கிய ஃபோனில் முழு 64-ம் கிடைக்காது. எம்பியை ஜிபி ஆக்கும்போது கம்பெனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, சில ஃபோன்கள் 1024-ஆல் கணக்கிடுகின்றன. அதில் மட்டுமே 64 என்பது 59.6 ஆகிவிடும். அதற்கு மேல் ஆண்ட்ராய்டும் கம்பெனி போட்டுத் தந்த செயலிகளும் 10 முதல் 20 ஜிபி பிடித்துக்கொள்ளும். இதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும். 64 ஜிபி ஃபோனில் ஆறு, 128-ல் பன்னிரண்டு. ஃபோனில் இருக்கும் ஃபிளாஷ் மெமரி, எழுதிய இடத்தின் மேலேயே புதிதாக எழுதாது. முதலில் அந்தப் பகுதியைத் துடைத்துவிட்டுத்தான் எழுதும். துடைத்து வைத்த இடம் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அந்த வேலையைச் செய்துவிட்டு எழுதுவதால் ஃபோன் இழுக்கும். செயலி அப்டேட் ஆகாமல் நிற்பதும், கேமராவில் கிளிக் செய்த படம் பதிவாகாமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான்.

வாட்ஸ்அப்: முதலில் குழாயை மூடுங்கள்

பங்கு இளைஞர் குரூப், கோவில் கொடை கமிட்டி, பிள்ளைகளின் வகுப்பு, ரப்பர் விலை, தோவாளைப் பூ விலை, குடும்பக் குரூப் என்று ஆளுக்குப் பதினைந்து குரூப் இருக்கும். கொடை முடிந்த மறுநாள் அதே வில்லுப்பாட்டு வீடியோ நான்கு குரூப்பில் வரும். இதை நிறுத்தாமல் அழித்துக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய், 'மீடியா ஆட்டோ டவுன்லோடு' பகுதியில் மொபைல் டேட்டா, வைஃபை இரண்டிலும் வீடியோ, டாக்குமென்ட் டிக்குகளை எடுத்துவிடுங்கள். பலர் மொபைல் டேட்டாவில் மட்டும் எடுத்துவிட்டு வைஃபையை மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் மொத்தமாக இறங்கிவிடும். துபாயிலிருந்தோ மஸ்கட்டிலிருந்தோ வரும் வாய்ஸ் மெசேஜுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. அவை எப்போதும் தானாகவே இறங்கும்.

'மீடியா விசிபிலிட்டி'யை ஆஃப் செய்தால் இடம் மிச்சமாகும் என்று சொல்பவர்கள் உண்டு. ஆகாது. படம் கேலரியில் தெரியாமல் போகுமே தவிர ஃபோனில் அப்படியே இருக்கும்.

இனி அழிப்பது. அதே 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' இருக்கிறது. மேலே '5 எம்பிக்கு மேற்பட்டவை', 'பலமுறை ஃபார்வர்டு ஆனவை' என இரண்டு பெட்டிகள் காட்டும். கீழே எந்தச் சாட் எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து வரிசையாக வரும். ஃபார்வர்டு பெட்டியை அதிகம் யோசிக்காமல் காலி செய்யலாம். ஐந்து எம்பி பெட்டியில் மட்டும் நிதானம் வேண்டும்: பத்திரம், ஆதார், மார்க் ஷீட் என்று யாரோ அனுப்பிய பிடிஎஃப் அதில் கிடக்கலாம். அழிக்கும்போது 'எல்லாப் பிரதிகளையும் அழி' என்று ஒரு டிக் கேட்கும். நான்கு குரூப்பில் வந்த வில்லுப்பாட்டு ஒரே அடியில் போக அதைப் போடுங்கள்.

வாய்ஸ் மெசேஜ்களைத் தொட வேண்டாம். ஒரு மணி நேரப் பேச்சு முழுவதும் சேர்ந்தால்கூடச் சில எம்பிதான் வரும். இறந்துபோன அம்மாவின் குரலை அழித்து மிச்சம் பிடிப்பது அரை நிமிட வீடியோவுக்குக்கூடக் காணாது.

அடுத்து, முதலில் சொன்ன மூன்றாவது இடம். கேலரியிலிருந்து ஒரு வீடியோவை அனுப்பும்போது வாட்ஸ்அப் அதைச் சுருக்கித் தன்னிடம் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். அது கேலரியில் தெரியாது. 'ஃபைல்ஸ்' அல்லது 'ஃபைல் மேனேஜர்' செயலியில் ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், மீடியா என வரிசையாக உள்ளே போய், 'வாட்ஸ்அப் வீடியோ' ஃபோல்டருக்குள் 'சென்ட்' என்பதைத் திறந்து பாருங்கள். கல்யாண வீடியோவை ஊரெல்லாம் அனுப்பியவர்களுக்கு இங்கேயே பல ஜிபி கிடக்கும். அசல் கேலரியில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழிக்கலாம். 'டேட்டாபேசஸ்' என்ற ஃபோல்டரில் தினமும் அதிகாலை 2 மணிக்கு எடுத்த சாட் பேக்கப்கள் ஏழு நாள் வரை நிற்கும். ரொம்ப நெருக்கடி என்றால் தேதி போட்ட பழையவற்றை அழிக்கலாம். தேதி இல்லாமல் இருப்பதுதான் கடைசியாக எடுத்தது. அதில் கை வைக்காதீர்கள்.

டெலிகிராமில் வேலை சுலபம். 'டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்', 'ஸ்டோரேஜ் யூசேஜ்' போய் கேஷை, அதாவது செயலி தற்காலிகமாக ஃபோனில் சேர்த்து வைத்ததை, அழித்தால் போதும். குரூப்பில் வந்த படமும் வீடியோவும் அவர்கள் சர்வரில் இருப்பதால் வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்ளலாம். 'கீப் மீடியா'வை ஒரு வாரம் என்று வைத்தால் தானே துடைத்துக்கொள்ளும்.

கூகுள் ஃபோட்டோஸ்: இங்கேதான் படம் பறிபோகிறது

பேக்கப் ஆன் செய்து, மேலே உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டால் 'பேக்கப் கம்ப்ளீட்' என்று காட்ட வேண்டும். அதன்பின் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' அழுத்துங்கள். கூகுளுக்குப் போய்ச் சேர்ந்தவை மட்டும் ஃபோனிலிருந்து நீங்கும். படம் செயலியில் தொடர்ந்து தெரியும், பார்க்க நெட் வேண்டும்.

இதை விட்டுவிட்டு, 'பேக்கப்தான் ஆகிவிட்டதே' என்று செயலிக்குள் படங்களைத் தேர்ந்தெடுத்து டெலிட் அழுத்தினால் ஃபோனிலும் போகும், கூகுளிலும் போகும். பேக்கப் ஆன படம் குப்பைத்தொட்டியில் 60 நாள் இருக்கும். அதற்குள் விழித்துக்கொண்டால் மீட்கலாம்.

இலவச இடம் 15 ஜிபி. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அது. ஆண்ட்ராய்டு ஃபோனில் எடுக்கும் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதிலேயே கணக்காகிறது. 2021 ஜூன் 1-க்கு முன்பு 'ஹை குவாலிட்டி'யில் ஏற்றிய படங்கள் மட்டும் கணக்கில் வராது. 15 நிறைந்தால் ஜிமெயிலுக்கு மெயில் வருவதே நின்றுவிடும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் சிக்னல் மெலிந்த இடங்களில் இருப்பவர்கள் கூகுளை மட்டும் நம்பி ஃபோனைக் காலி செய்ய வேண்டாம். ஏற்ற நாள் பிடிக்கும், திரும்ப இறக்கவும் நாள் பிடிக்கும். அவர்களுக்குப் பென் டிரைவ்தான் சரி.

பென் டிரைவில் மாற்றுவது

டைப்-சி முனை உள்ள பென் டிரைவ் அல்லது சாதாரணப் பென் டிரைவை ஃபோனில் செருக உதவும் ஒரு ஓடிஜி கனெக்டர் போதும். செருகியும் தெரியவில்லை என்றால் செட்டிங்ஸில் 'ஓடிஜி' என்று தேடுங்கள். ஒப்போ, ரியல்மி ஃபோன்கள் பலவற்றில் அதை ஆன் செய்ய வேண்டும், பத்து நிமிடம் சும்மா இருந்தால் தானாக ஆஃப் ஆகிவிடும்.

'மூவ்' கொடுக்காதீர்கள், 'காப்பி' கொடுங்கள். பாதி வழியில் கனெக்டர் ஆடினாலோ சார்ஜ் தீர்ந்தாலோ மூவ் செய்த ஃபைல் இரண்டு பக்கமும் உருப்படியாக இல்லாமல் போகலாம். காப்பி முடிந்ததும் பென் டிரைவிலிருந்தே இரண்டு மூன்று வீடியோவைக் கடைசி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, அதன்பின் ஃபோனில் அழியுங்கள். எடுக்கும்முன் 'எஜெக்ட்' கொடுக்க வேண்டும். நீளமான கல்யாண வீடியோ ஒன்று மட்டும் ஏறாமல் நின்றால் பென் டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே ஃபைல் ஏறாது. எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு ஃபார்மேட் செய்தால் ஏறும். ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பது எல்லாம் போகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அழித்தும் இடம் வரவில்லையா?

குப்பைத்தொட்டியைப் பாருங்கள். சாம்சங் கேலரியிலும் ஃபைல்ஸ் பை கூகுளிலும் அழித்தது 30 நாள் வரை உள்ளேயே இருக்கும். ஐஃபோனில் 'ரீசன்ட்லி டெலிட்டட்'. அங்கும் போய் அழித்தால்தான் இடம் கைக்கு வரும்.

கால் ரெக்கார்டிங் தானாகப் பதிவாகும்படி வைத்திருக்கிறீர்களா என்றும் பாருங்கள். வியாபாரிகள் ஃபோனில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருக்கும். ஷியோமி ஃபோனில் 'டூயல் ஆப்ஸ்' போட்டு இரண்டாவது வாட்ஸ்அப் வைத்திருந்தால், அதற்கும் மேலே சொன்ன வேலை எல்லாம் தனியாகச் செய்ய வேண்டும்.

செயலிகளைப் பொறுத்தவரை 'கிளியர் கேஷ்' பயமில்லாமல் அழுத்தலாம். பக்கத்தில் இருக்கும் 'கிளியர் டேட்டா' வேறு கதை. ஜிபே, ஃபோன்பே போன்றவற்றில் அழுத்தினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் அழுத்தினால் பேக்கப் எடுக்காத சாட் போனது போனதுதான். 'கிளீனர்', 'பூஸ்டர்' என்று விளம்பரத்தில் வரும் செயலிகளைப் போடாதீர்கள். அவை செய்வதை ஃபைல்ஸ் பை கூகுள் விளம்பரம் இல்லாமல் செய்கிறது.

ஐஃபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், ஐஃபோன் ஸ்டோரேஜ். 'ஆஃப்லோடு ஆப்' கொடுத்தால் செயலி போகும், அதன் தகவல் நிற்கும். ஐகிளவுட் இலவசம் 5 ஜிபிதான். அதை நம்பி வீடியோ எடுக்க முடியாது.

தங்கல் மீன்பிடிக்குப் போகிறவர்களுக்கு

தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து விசைப்படகுகளில் ஆழ்கடலுக்குப் போனால் கரை திரும்ப வாரக்கணக்கில் ஆகும். ஓடிடி செயலிகளில் இறக்கி வைத்த படங்கள் அவ்வளவு நாள் தாங்கும் என்று எண்ண வேண்டாம். பலவற்றுக்குக் கெடு உண்டு; சிலவற்றில் பார்க்கத் தொடங்கி 48 மணி நேரத்தில் பூட்டிக்கொள்ளும், நெட் இல்லாமல் திறக்காது. மெமரி கார்டில் சாதாரண ஃபைலாக இருக்கும் பாட்டும் வீடியோவும்தான் கடலில் உதவும். கிளம்பும்முன் ஐந்தாறு ஜிபியாவது காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெமரி கார்டு வாங்கும்போது

உங்கள் ஃபோனில் கார்டுக்குத் தனி இடம் இருக்கிறதா, இரண்டாவது சிம் இடத்தில்தான் போட வேண்டுமா என்று டிரேயை இழுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். வளைகுடா நம்பரையும் ஊர் நம்பரையும் ஒரே ஃபோனில் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். வீடியோ எடுக்க யு3 அல்லது வி30 என்று அச்சிட்ட கார்டு, செயலி வைக்க ஏ1 அல்லது ஏ2.

கார்டைப் போட்டதும் சில ஃபோன்கள் 'இன்டர்னல்' ஆக்கவா, 'போர்ட்டபிள்' ஆக வைக்கவா என்று கேட்கும். போர்ட்டபிள் போதும். இன்டர்னல் ஆக்கினால் கார்டு அந்த ஃபோனோடு பூட்டப்படும். ஃபோன் தண்ணீரில் விழுந்து போனால் கார்டைக் கழற்றி வேறொன்றில் போட்டுப் படங்களை எடுக்க முடியாது.

தள்ளுவண்டியிலும் ஆன்லைனிலும் நம்பமுடியாத விலைக்கு வரும் 1 டிபி கார்டு பெரும்பாலும் போலி. உள்ளே 32 ஜிபி இருக்கும், ஃபோனில் 1 டிபி என்று காட்டும்படி செய்திருப்பார்கள். 32 தாண்டியதும் புதிதாக ஏறுவது பழையதை அழிக்கும், அல்லது ஃபைல் பெயர் மட்டும் இருந்து திறக்காமல் போகும். வாங்கிய அன்றே, படம் ஏற்றும்முன், விண்டோஸ் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதியுங்கள். அது கார்டு முழுவதும் எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்க்கும். பெரிய கார்டுக்குப் பல மணி நேரம் ஆகும், விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். பிழை என்று வந்தால் பில்லோடு அன்றே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.