கடலை மாவில் தோஹு: இரண்டு பாட்டு ஓடும் நேரம்தான்

மியான்மரின் யாங்கோனில் காலையில் வாங்கித் தின்கிற தோஹுவில் (பர்மா டோஃபு) சோயா கிடையாது, எல்லாம் நம் கடலை மாவுதான், அதனால் வீட்டிலேயே கிண்டிவிடலாம். ஒரு கப் மாவுக்கு மூன்று கப் தண்ணீர். ஒரு கப் பச்சைத் தண்ணீரில் மாவு, உப்பு, கால் ஸ்பூன் மஞ்சள் கரைத்து வடிகட்டுங்கள் (வடிகட்டாமல் விட்டால் கட்டி தட்டும், பட்டவள் சொல்கிறேன்), மிச்சம் இரண்டு கப்பைக் கொதிக்கவைத்து அதில் இதை மெதுவாக ஊற்றி, சிறுதீயில் கை எடுக்காமல் கிண்ட வேண்டும். எவ்வளவு நேரம் என்றால், நான் டி.எம்.எஸ். பாட்டு இரண்டு போட்டுவிடுவேன், எட்டு நிமிடம் போல வரும், இரண்டாவது முடியும்போது பளபளவென்று கெட்டியாகியிருக்கும்.

எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி இரண்டு மணி நேரம் விட்டால் துண்டு போடலாம். புளித்தண்ணீர், வறுத்த பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள் போட்டுப் பிசைந்தால் என் பையன் தட்டை வழித்துவிடுவான்.

ஆறவைக்காமல் கூழாகவும் சாப்பிடலாம். அவனுக்கு முன்னால் ஒன்று நான்காம் மாதத்தில் கலைந்துபோனபோது எனக்கு எதுவுமே இறங்கவில்லை. அத்தை ஒன்றும் பேசாமல் ஒரு கிண்ணத்தில் இதைச் சூடாக வைத்துவிட்டுப் போனார், அது மட்டும்தான் இறங்கியது.

அப்புறம், ஃபிரீசரில் வைக்காதீர்கள், தண்ணீர் விட்டுக்கொள்ளும்.