விஆர் மண்டபத்தில் கல்யாண வரவேற்பு: பெயர்ப்பலகை முதல் மொய் வரை

2022 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் தாலி கட்டிய ஒரு ஜோடி, அன்றே மெட்டாவெர்ஸில் (இணையத்தில் கூடும் முப்பரிமாண உலகில்) வரவேற்பு வைத்தது. செய்தியில் எல்லோரும் பார்த்தது கோட்டை போன்ற அந்த மண்டபத்தை. நாம் கவனிக்க வேண்டியது வேறு: தாலி ஊரில், வரவேற்பு மட்டும் விஆரில், அதாவது கணினி காட்டும் மெய்நிகர் உலகில். நீங்களும் அப்படியே பிரித்துக்கொள்ளுங்கள்.

காரணம் சட்டம். விஆரில் நமக்குப் பதிலாக நடமாடும் உருவம்தான் அவதாரம். அவதாரம் அவதாரத்துக்கு மாலை போடுவதைப் பதிவாளர் கல்யாணமாக எடுத்துக்கொள்ள மாட்டார். 2022 ஜூலையில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அமெரிக்காவில் இருந்த மணமகன் காணொளி வழியே வர, மணவாளக்குறிச்சி சார்பதிவாளர் சிறப்புத் திருமணச் சட்டப்படி மணம் நடத்திவைக்க உத்தரவிட்டது. அதுவும் முகம் தெரியும் காணொளி, அவதாரம் அல்ல. தமிழ்நாட்டில் நடக்கும் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்ற 2009-ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். அந்த வேலையைத் தனியாக முடித்துவிட்டு மண்டபத்துக்கு வாருங்கள்.

1. தளம்

வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஹெட்செட் (கண்ணில் மாட்டும் விஆர் கருவி) இல்லாமல் போனில்தான் வருவார்கள். ஆகவே செயலி இறக்கு, கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் வை என்று கேட்கும் எதுவும் சித்தப்பா, பெரியம்மாவுக்கு ஆகாது. விஆர்சாட் என்ற தளம் அழகுதான், நண்பர்கள் மட்டும் என்றால் அதையே எடுக்கலாம். சொந்தபந்தம் என்றால் உலாவியில் இணைப்பைத் தட்டியதும் திறக்கும் தளம்தான் வேண்டும்: ஹப்ஸ், ஃபிரேம் போன்றவை.

எதை எடுத்தாலும் மண்டபத்தை அந்தத் தளத்துக்குள்ளேயே கட்டாதீர்கள். ஆல்ட்ஸ்பேஸ்விஆர் என்ற தளம் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. மோசில்லா தன் ஹப்ஸ் சேவையை 2024 மே 31-ஓடு நிறுத்தியது. இப்போது இருப்பது சமூகப் பதிப்பு, அதைச் சொந்த சர்வரில் ஏற்ற வேண்டும். பிளெண்டர் என்ற இலவச முப்பரிமாண மென்பொருளில் கட்டி, ஜிஎல்பி கோப்பாக (முப்பரிமாண மாதிரிக்கான கோப்பு வகை) வைத்துக்கொண்டால் தளம் மூடினாலும் மண்டபம் நம்மிடம் இருக்கும்.

சொந்த சர்வர் வைப்பவர்களுக்கு: எச்டிடிபிஎஸ் இல்லாமல் மைக்கும் வேலை செய்யாது, ஹெட்செட் பார்வையும் திறக்காது.

2. அளவு

ஆயிரம் பேர் உட்காரும் மண்டபம் வேண்டாம். நாற்பது பேர் நிற்கும் விஆர் அறைக்கு 12 × 18 மீட்டர் போதும். அதற்கு மேல் போனால் காலி மண்டபமாகத் தெரியும். கூரை 5 மீட்டர். மேடை உயரம் 60 செ.மீ. மேடைப் படிகளைக் கண்ணுக்கு மட்டும் விட்டுவிட்டு, நடக்கும் தளமாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவைப் போடுங்கள். படியில் சிக்கிக்கொண்டு நிற்கும் அவதாரம்தான் வரவேற்பின் முதல் தலைவலி. நாற்காலி வரிசையும் வேண்டாம். யாரும் உட்காரப் போவதில்லை, வழிதான் அடைபடும்.

பிளெண்டரில் எல்லாம் மீட்டரில். ஏற்றுமதிக்கு முன் கண்ட்ரோல்+ஏ அழுத்தி ஸ்கேலை அப்ளை செய்துவிடுங்கள்.

எடைக்கு, ஹப்ஸின் ஸ்போக் கருவி கைபேசிக்காக வைத்த வரம்பை எந்தத் தளத்துக்கும் பின்பற்றலாம்: மொத்தம் 50,000 முக்கோணம் (முப்பரிமாண உருவம் எல்லாம் சிறு முக்கோணங்களால் ஆனது), 25 மெட்டீரியல் (மேற்பரப்பு வகை), 3 விளக்கு, 16 எம்பி கோப்பு, படங்களுக்கு 256 எம்பி கிராஃபிக்ஸ் நினைவகம். கடைசி எண்ணில்தான் பலர் விழுகிறார்கள். 2048 × 2048 படம் ஜேபெக்காக 500 கேபி இருக்கலாம். கிராஃபிக்ஸ் நினைவகத்தில் விரிந்ததும் 16 எம்பி, மிப்மேப் (தூரப் பார்வைக்கான சிறு நகல்கள்) சேர்த்தால் 21. பன்னிரண்டு படத்தில் கணக்கு முடிந்தது. சுவருக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று 2048. மற்றதெல்லாம் 1024 அல்லது 512.

3. பெயர்ப்பலகை (இங்கே நின்று நிதானமாகப் படியுங்கள்)

ஆங்கிலப் பயிற்சி வீடியோ எதிலும் இது இருக்காது. பிளெண்டரின் டெக்ஸ்ட் பொருளில் ஒரு தமிழ் எழுத்துருவை ஏற்றி "திருமண வரவேற்பு" என்று ஒட்டிப் பாருங்கள். "வே" என்பதில் இரட்டைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும். அது பின்னால் போய் நிற்கும். "தி"யின் கொக்கி தகரத்தோடு சேராமல் தனியாகத் தொங்கும். "ரு"வும் "பு"வும் ஒரே எழுத்தாக ஆகாமல் மெய் ஒன்று, குறி ஒன்று என்று உடைந்திருக்கும். எழுத்துருவில் கோளாறு இல்லை, மாற்றி மாற்றி ஏற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம். குறிகளை இடம்மாற்றி இணைக்கும் வேலையை பிளெண்டரின் டெக்ஸ்ட் பொருள் செய்வதில்லை, அவ்வளவுதான்.

வழி இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள். இலவசம், தமிழைச் சரியாகக் கோக்கும்.

அ) இங்க்ஸ்கேப்பில் யூனிகோடு எழுத்துருவில் தட்டச்சு செய்யுங்கள். தடித்த எழுத்தாக இருக்கட்டும். மெல்லிய கோடு ஹெட்செட்டில் மினுமினுக்கும்.

ஆ) பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத். பிறகு அன்குரூப் செய்து யூனியன். யூனியனை விட்டால் ஒட்டும் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பிளெண்டரில் எழுத்துக்குள் ஓட்டை விழும்.

இ) பிளெயின் எஸ்விஜியாகச் சேமித்து, பிளெண்டரில் இம்போர்ட் செய்யுங்கள். எழுத்து வந்ததே தெரியாது, அவ்வளவு சின்னதாக வரும். அவுட்லைனரில் தேர்ந்தெடுத்து, நம்பேடில் உள்ள புள்ளி விசையை அழுத்தினால் கண்ணில் படும். பெரிதாக்கி, ஸ்கேலை அப்ளை செய்யுங்கள்.

ஈ) கர்வ் அமைப்பில் ரெசல்யூஷன் பிரிவியூ 12 என்று இருக்கும், 3-ஆக்குங்கள். நம் எழுத்து முழுக்க வளைவு. 12-ல் விட்டால் மணமக்கள் பெயர் மட்டுமே மண்டபத்தின் முக்கோணக் கணக்கில் பெரும்பங்கைத் தின்றுவிடும். எக்ஸ்ட்ரூட் 2 செ.மீ., பெவல் வேண்டாம். பிறகு கன்வர்ட் டு மெஷ்.

எழுத்தின் உயரம்? குவெஸ்ட் 2 போன்ற ஹெட்செட்டில் ஒரு டிகிரிக்குச் சுமார் 20 பிக்சல். ஆறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு ஒரு டிகிரி என்பது பத்து செ.மீ. சொச்சம். ஆங்கிலத்துக்கு 10 செ.மீ. தாங்கும், ணகர, னகரச் சுழிகளை எண்ணிப் படிக்க 18 செ.மீ.-க்குக் குறையக் கூடாது.

4. பூ அலங்காரம்

மல்லிகைச் சரத்தை மொட்டு மொட்டாகச் செய்யும் ஆசை எல்லோருக்கும் வரும். கணக்குப் போடுங்கள்: மொட்டுக்கு 60 முக்கோணம், அடிக்கு 60 மொட்டு, மேடைக்கு 300 அடி சரம். 10,80,000 முக்கோணம். போன் சூடாகி உலாவியே மூடிக்கொள்ளும்.

சரத்தைப் படமாக எடுத்து, பின்னணியை நீக்கி, இரண்டு பட்டைகளைக் குறுக்காக வைத்து ஒட்டுங்கள். அடிக்கு 4 முக்கோணம்; 300 அடிக்கு 1,200. மல்லிகை, சாமந்தி, ரோஜா, மாவிலைத் தோரணம் எல்லாவற்றையும் ஒரே 1024 படத்தில் அடுக்கினால் மெட்டீரியலும் ஒன்றுதான். பட்டையை நகலெடுக்க ஷிஃப்ட்+டி வேண்டாம், ஆல்ட்+டி. அப்போதுதான் கோப்பில் ஒரே மெஷ் பகிரப்படும்.

அடுத்த கண்ணி: ஒளி ஊடுருவும் அமைப்பு. ஆல்ஃபா பிளெண்டில் (அரைகுறையாகவும் ஊடுருவும் முறை) விட்டால் பின்னால் உள்ள சரம் முன்னால் தெரியும், தலையைத் திருப்பும்போது பூக்கள் இடம்மாறித் துள்ளும். பத்துப் பட்டை ஒன்றன்பின் ஒன்று தொங்கினால் ஒரே பிக்சலைப் பத்து முறை வரைய வேண்டி ஃபிரேம் விழும். ஹெட்செட் போட்டவருக்குக் குமட்டும். இலையோ பூவோ, ஆல்ஃபா கிளிப்தான்: ஒவ்வொரு பிக்சலும் முழுதாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது. பிளெண்டர் 4.2-க்கு முன்பு மெட்டீரியல் அமைப்பிலேயே அந்தத் தேர்வு இருந்தது. 4.2 முதல் இல்லை: படத்தின் ஆல்ஃபாவுக்கும் பிரின்சிபிள்டு ஷேடருக்கும் நடுவே ஒரு மேத் நோடு வைத்து ரவுண்ட் என்று கொடுங்கள். ஏற்றுமதியில் கிளிப்பாகப் போகும்.

பின்சுவரில் உள்ள பூக்களைச் சுவர்ப் படத்திலேயே தட்டையாகச் சேர்த்துவிடலாம். ஏழெட்டு மீட்டருக்கு அப்பால் வித்தியாசம் தெரியாது. வாழைமரம் இரண்டும் வாசலில், கையெட்டும் தூரத்தில் இருப்பதால் அதற்கு மட்டும் முக்கோணம் தாராளமாகச் செலவழியுங்கள்.

5. வெளிச்சம்

சீரியல் செட் பல்பு எதுவும் விளக்கு அல்ல, ஒளிரும் படம். சுவர், தரை, மேடைக்கு பிளெண்டரின் சைக்கிள்ஸில் வெளிச்சத்தை பேக் செய்யுங்கள், அதாவது முன்பே கணக்கிட்டுப் படத்தில் பதித்துவிடுங்கள்: இரண்டாவது யூவி மேப் (படம் உருவத்தில் எங்கே ஒட்டும் என்ற வரைபடம்), 256 சாம்பிள், 8 பிக்சல் மார்ஜின், கம்பைன்டு. பேக் ஆன படத்தின் கலரைப் பிரின்சிபிள்டு வழியாக விடாமல் நேரே மெட்டீரியல் அவுட்புட்டில் இணைத்தால் அன்லிட்டாக (வேறு விளக்கு படாமல் தானே தெரிவதாக) ஏற்றுமதி ஆகும். அந்தப் படத்துக்கு இரண்டாவது யூவி மேப்தான் பயன்படுகிறதா என்று பாருங்கள். அவதாரங்களுக்கும் பூச்சரத்துக்கும் ஓர் ஆம்பியன்ட் (எங்கும் பரவும் ஒளி), ஒரு டைரக்ஷனல் (ஒரு திசையிலிருந்து வரும் ஒளி). மூன்றாவது விளக்கு தேவைப்படாது.

6. சத்தம்

நாதஸ்வரத்தை உங்கள் மைக் வழியாக விடாதீர்கள். குரல் அரட்டைக்கான இரைச்சல் நீக்கி, நாதஸ்வரத்தையும் தவிலையும் இரைச்சலாக எண்ணி விழுங்கிவிடும். கேட்பது தண்ணீருக்குள் வாசிப்பதுபோல் இருக்கும். எம்பி3 கோப்பை மண்டபத்துக்குள்ளேயே ஒலிப்பொருளாக வையுங்கள், மேடைக்குப் பக்கவாட்டில், பேச்சைவிடக் குறைவான சத்தத்தில்.

விருந்தினர் குரல் 1.5 மீட்டர் வரை முழுதாகவும் 8 மீட்டரில் இல்லாமலும் போகும்படி தூர அமைப்பை மாற்றுங்கள். மேடையில் பேசுபவருக்கு மட்டும் அறை முழுக்கக் கேட்கும் அமைப்பு. எல்லோரும் மைக் மூடிய நிலையில்தான் உள்ளே வர வேண்டும். ஒரே வீட்டில் இரண்டு போன் திறந்திருந்தால் ஊளைச் சத்தம் கிளம்பும். அந்த வீட்டுக்கு இயர்போன் கட்டாயம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

7. நேரமும் கூட்டமும்

ஹப்ஸில் ஓர் அறைக்கு இயல்பான வரம்பு 24 பேர். கூட்டலாம், ஆனால் பழைய போன்கள் திணறும். கூட்டத்தை நாட்டு நேரப்படி பிரிப்பது நல்லது. நம் இரவு 7 மணி என்றால் சிங்கப்பூரில் 9.30, லண்டனில் குளிர்காலத்தில் மதியம் 1.30, கோடையில் 2.30; டொரண்டோவில் காலை 8.30, கோடையில் 9.30. சிட்னிக்கு நள்ளிரவு ஆகிவிடும், அவர்களுக்கு மாலை 4 மணிக்கு ஒரு சுற்று தனியாக வையுங்கள். காலை 6 மணி முகூர்த்தத்தை நேரலையில் காட்டுவதாக இருந்தால், டொரண்டோவில் அது முந்தைய நாள் மாலை 7.30 அல்லது 8.30. அழைப்பில் அங்குள்ள தேதியையும் அச்சிடாவிட்டால் ஒருநாள் கழித்து வந்து கதவைத் தட்டுவார்கள்.

8. அனுமதிகள்

பொருள் சேர்ப்பது, வரைவது, பறப்பது மூன்றையும் விருந்தினருக்கு மூடிவிடுங்கள். ஹப்ஸில் அரட்டைப் பெட்டியில் /duck என்று அடித்தால் ரப்பர் வாத்து விழும். பிள்ளைகளுக்கு இது தெரிந்துவிட்டால் தாம்பூலத் தட்டு வாத்துக்கு அடியில் போய்விடும்.

மொய் க்யூஆரை மண்டபச் சுவரில் ஒட்டுவது வீண். போனில் வந்தவர் அதே போனால் எப்படி ஸ்கேன் செய்வார்? ஹெட்செட் போட்டவருக்கு அதுவும் முடியாது. அழைப்புச் செய்தியிலேயே யுபிஐ ஐடியை எழுத்தாகப் போடுங்கள். சுவரில் வைத்தே தீர வேண்டும் என்றால் அந்தப் பொருளைப் பூட்டுங்கள். யாராவது படத்தை மாற்றி ஒட்டினால் பணம் போகும் இடம் வேறு.

9. இல்லாதவர்களை அழைப்பது

சிவலிங்கபுரம் வரவேற்பில் மணமகளின் மறைந்த தந்தை அவதாரமாக வந்தார். இதைச் செய்ய ஆசைப்பட்டால் முதலில் அம்மாவிடம் கேளுங்கள், பிறகு தாத்தா பாட்டியிடம். ஒருவர் தயங்கினாலும் விட்டுவிடுங்கள். என் கருத்தில், மேடையோரம் மாலையிட்ட படமும் ஒரு குத்துவிளக்கும் போதும். அவதாரம்தான் என்று முடிவானால் நின்றபடி கைகூப்பட்டும். வேறொருவர் குரலில் பேச வைக்க வேண்டாம்.

10. ஒத்திகை

வீட்டில் உள்ள மிகப் பழைய போனைக் கொண்டு, மண்டபத்தை வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அது 30 வினாடிக்குள் திறக்காவிட்டால் படங்களைப் பாதியாக்குங்கள். ஹெட்செட் போடும் பெரியவர்களுக்கு: உட்கார்ந்தபடி, 15 நிமிடம், டெலிபோர்ட் நடை (சுட்டிய இடத்துக்குத் தாவுவது), 45 டிகிரி ஸ்னாப் திருப்பம் (ஒரே வெட்டில் திரும்புவது). குவெஸ்ட் 2-ல் கண்மணி இடைவெளிக்கு 58, 63, 68 மி.மீ. என மூன்று நிலை உண்டு. மங்கலாகத் தெரிகிறது என்றால் மண்டபத்தைக் குறை சொல்லும் முன் அதை மாற்றிப் பாருங்கள். கண்ணாடி போடுபவருக்கு ஸ்பேசர். சார்ஜ் 2 மணி நேரம்தான் வரும் என்று கணக்கு வையுங்கள்.

பின்சேர்க்கை: "பெயர்ப்பலகை பின்னாலிருந்து பார்த்தால் மறைகிறது" என்று கேட்டவர்களுக்கு: பேக்ஃபேஸ் கல்லிங்கை (பின்பக்கத்தை வரையாமல் விடும் அமைப்பு) அணைப்பது சுலப வழி. ஆனால் அது நார்மல் (பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற குறி) தலைகீழாக இருப்பதால் வந்த கோளாறாகவும் இருக்கலாம். எடிட் மோடில் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஷிஃப்ட்+என் அழுத்திவிட்டு மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள்.

இன்னொன்று: இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் செயலிக்குள் இணைப்பைத் தட்டினால், அங்கேயே திறக்கும் உலாவியில் பெரும்பாலும் மைக் வராது. இணைப்பை வாட்ஸ்அப்பிலோ எஸ்எம்எஸ்ஸிலோ அனுப்பி, ஐபோன்காரர்களை சஃபாரியிலும் ஆண்ட்ராய்டுகாரர்களை குரோமிலும் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே வந்தும் நாதஸ்வரம் கேட்கவில்லை என்றால் திரையை ஒருமுறை தட்டச் சொல்லுங்கள். தொடாதவரை உலாவி தானாக ஒலியைத் தொடங்காது.