அழிய மறுக்கும் கோப்புறைக்கு

விண்டோஸில் ஒரு கோப்புறை அழிய மறுத்தால், விண்டோஸிலேயே இருக்கும் ரிசோர்ஸ் மானிட்டர் என்ற கண்காணிப்புக் கருவியைத் திறந்து, 'சிபியு' பகுதியின் 'அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்' தேடல் கட்டத்தில் அதன் பெயரைத் தட்டுங்கள். உள்ளே இருக்கும் கோப்பை ஏதாவது ஒரு செயலி பிடித்துக்கொண்டிருக்கும் வரை விண்டோஸ் விடாது. பிடித்திருப்பது யார் என்று இந்தப் பட்டியல் காட்டிவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டக் கோயில் கணினியில், தைப்பூச நன்கொடைக் கணக்குக் கோப்புறைக்கு நேராக 'எக்செல்' என்று வந்து நின்றது. வேலையைச் சேமித்துவிட்டு அந்தச் செயலியை முறையாக மூடுங்கள், பிறகு கோப்புறையை அழித்தால் அழிந்துவிடும். வலுக்கட்டாயமாக நிறுத்தாதீர்கள், சேமிக்காத கணக்கு போய்விடும்.

பாதையின், அதாவது கோப்பு இருக்கும் இடத்தைக் காட்டும் முழு முகவரியின், நீளம் 260 எழுத்துகளைத் தாண்டியிருந்தால் இது உதவாது. உள்கோப்புறைகளின் பெயரைச் சுருக்க வேண்டும். அனுமதி இல்லை என்று வந்தால் நிர்வாகிக் கணக்கில் நுழைந்து அழிக்க வேண்டியிருக்கலாம்.