மட்கார்டை அளந்து உயரம் வைக்காதீர்கள்: பழைய கிரைஸ்லர் மசில் கார்களில் நடக்கும் தவறுகள்

1968 டாட்ஜ் சார்ஜர், பிளிமத் ரோடு ரன்னர் போன்ற மசில் கார்களின் (பெரிய இன்ஜின் பூட்டிய வேகக் கார்கள்) முன்பக்கத்தில் சுருள்வில் கிடையாது. கிரைஸ்லர் நிறுவனம் 1957 மாடல்களிலிருந்தே அந்த இடத்தில் டார்ஷன் பார் எனப்படும் முறுக்குத் தண்டை வைத்தது. சுமார் 41 அங்குல நீள எஃகுத் தண்டு அது. பின்முனை குறுக்குச் சட்டத்தில் அசையாமல் நிற்கும்; முன்முனை, சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் கையான கீழ் கண்ட்ரோல் ஆர்மில் செருகியிருக்கும். ஆர்மின் அடியில் உள்ள ஒரு போல்ட்டை வலஞ்சுழியாகத் திருப்பினால் காரின் மூக்கு உயரும், இடஞ்சுழியாகத் திருப்பினால் தாழும். வேலை இவ்வளவு சுலபமாக இருப்பதால்தான் இத்தனை கார்கள் கெடுகின்றன.

போல்ட்டை இறுக்கினால் சஸ்பென்ஷன் விறைப்பாகும் என்ற நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. போல்ட் உயரத்தை மட்டுமே மாற்றுகிறது. தண்டின் விறைப்பைத் தீர்மானிப்பவை அதன் நீளமும் விட்டமும்தான். விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப விறைப்பு கூடுகிறது. 0.88 அங்குலத் தண்டுக்குப் பதிலாக அதே நீளத்தில் 0.92 அங்குலத் தண்டைப் போட்டால் விறைப்பு ஏறக்குறைய 19 சதவீதம் கூடும். போல்ட்டை எத்தனை சுற்று திருப்பினாலும் அது கிடைக்காது. மெல்லிய தண்டை வைத்துக்கொண்டு காரை மிகவும் தாழ்த்தினால், ஒவ்வொரு பள்ளத்திலும் ஆர்ம் ரப்பர் தடுப்பில் போய் மோதும். இடிக்கிறதே என்று அந்தத் தடுப்பையே வெட்டி எடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அதன் பிறகு இரும்பும் இரும்பும்தான் மோதும்.

அடுத்தது அளவு. மட்கார்டு விளிம்பிலிருந்து தரைக்கு டேப் பிடிப்பது அரைநூற்றாண்டு பழைய உடலை நம்புவதாகும். வேறு அளவு டயர், காற்றழுத்தம், எப்போதோ விபத்தில் நசுங்கி நிமிர்த்திய தகடு எல்லாம் அந்த எண்ணில் கலந்துவிடும். தொழிற்சாலைக் கையேட்டின் வழி வேறு. கீழ் பால் ஜாயிண்ட் (ஆர்மின் வெளிமுனையில் சக்கரப் பகுதியை இணைக்கும் உருண்டை மூட்டு) பக்கத்தின் அடிப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஆர்மின் உள்பக்கம் உள்ள சரிசெய் தகட்டின் அடிப்புள்ளி எவ்வளவு உயரம் என்று அளந்து, இரண்டின் வித்தியாசத்தைப் பார்க்க வேண்டும். இதில் டயரின் அளவு கழிந்துபோய், ஆர்ம் நிற்கும் கோணம் மட்டும் மிஞ்சும். இடப்பக்கமும் வலப்பக்கமும் எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. ஒரு பக்கத்தை மட்டும் திருப்பியிருந்தாலும் இரண்டையும் மறுபடி அளங்கள்.

அளப்பதற்கு முன் பம்பரைப் பிடித்துப் பல முறை அழுத்தி விடுங்கள். ஜாக்கியிலிருந்து இறங்கிய கார் உடனே தன் உண்மையான உயரத்துக்கு வராது.

போல்ட்டைப் பாரம் தாங்கிய நிலையில் வலுக்கட்டாயமாகத் திருப்பாதீர்கள். சட்டத்தில் ஸ்டாண்டு கொடுத்துச் சக்கரங்களைத் தொங்கவிட்டு, துரு நீக்கும் எண்ணெய் ஊற்றிய பிறகே ஸ்பேனரை எடுங்கள். மரை அறுந்தால் அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும்.

தண்டைக் கழற்றும்போது அதன் நடுவில் பைப் ரெஞ்சு பிடிப்பதைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. முறுக்கும் விசை தண்டின் மேற்பரப்பில்தான் உச்சத்தில் இருக்கும். அங்கே விழும் சிறு கீறல்கூட விரிசலுக்கு வழி விடும். இடது, வலது தண்டுகளையும் மாற்றிப் போடக் கூடாது. அவை ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

கீழ் ஆர்ம் அசையும் அச்சை இறுக்கும் பிவட் நட்டைச் சக்கரம் தொங்கும்போது இறுக்குவதும் பரவலான தவறு. கார் இறங்கியதும் அந்த அச்சைச் சுற்றியுள்ள புஷ்ஷின் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சீக்கிரம் கிழியும். உயரத்தைக் கணிசமாக மாற்றியிருந்தால், கார் சக்கரங்களில் நிற்கும்போது நட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்குங்கள்.

இவையெல்லாம் முடிந்த பிறகுதான் வீல் அலைன்மெண்ட். உயரம் மாறினால் கேம்பரும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு) டோவும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும். முதலில் அலைன்மெண்ட் செய்துவிட்டுப் பிறகு மூக்கைத் தாழ்த்தினால் கொடுத்த பணமும் டயரும் வீண். ஹெட்லைட்டின் திசையையும் அன்றே சரிபார்த்துவிடுங்கள்.