சம்ப் மோட்டார் மக்கர் பண்ணுகிறதா? புதுசு வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்

சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் அரை எச்பி மோட்டார் கொஞ்சம் வயசாகி நின்றுவிட்டால், "காயில் போயிருச்சு சார், புதுசா போட்டுருங்க" என்பதுதான் பார்க்க வருகிறவர் பலரும் சொல்கிற முதல் வார்த்தை. பல நேரம் காயில் (மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று) நன்றாகவே இருக்கும், போயிருப்பது சில நூறு ரூபாய்க்குள் முடிகிற கண்டென்சரோ (மோட்டார் சுற்றத் தொடங்க உதவும் சின்ன டப்பா), பம்பிலிருந்து தண்ணீர் மோட்டார் பக்கம் கசியாமல் தடுக்கும் சீலோதான். எது போயிருக்கிறது என்பதை மோட்டாரின் சத்தமும் அடியில் இருக்கும் ஈரமும் ஏறக்குறையச் சொல்லிவிடும். நான் சொல்வது பம்பும் மோட்டாரும் ஒன்றாகச் சேர்ந்து வெளியே உட்கார்ந்திருக்கும் மோனோபிளாக்கைப் பற்றி மட்டும்தான், போருக்குள் இறங்கிய சப்மெர்சிபிளில் நீங்களாகக் கை வைக்க வேண்டாம்.

முதலில் கரண்ட். ஸ்விட்சை அணைத்தால் போதாது, எம்சிபியையே (மெயின் பெட்டியில் இருக்கும் டிரிப் ஸ்விட்ச்) இறக்குங்கள். ஸ்விட்சை நியூட்ரலில் போட்டு வைத்திருக்கும் வீடுகள் நிறைய உண்டு, அங்கே ஸ்விட்ச் ஆஃப் ஆனாலும் மோட்டாரில் லைன் வந்துகொண்டுதான் இருக்கும். கண்டென்சரும் கரண்ட் போன பிறகு சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். பழைய குண்டு பல்பு ஒன்றை ஹோல்டரில் மாட்டி, அதன் இரண்டு வயரையும் கண்டென்சரின் இரண்டு முனையில் சில நொடி தொட்டு வைத்தால் இறங்கிவிடும்.

போட்டதும் 'ம்ம்ம்' என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணையுங்கள். சுற்றாமல் நிற்கிற மோட்டார் வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட்டை இழுக்கும், அப்படியே விட்டால் நல்ல காயிலும் கருகிப்போகும். பின்பக்க ஃபேன் மூடியைக் கழற்றி ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் அநேகமாகக் கண்டென்சர்தான். (சாயங்காலம் மட்டும் முனகுகிறது என்றால் அந்த நேரத்து வோல்டேஜையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள், தெருவில் லோ வோல்டேஜ் இருந்தால் மோட்டாரைக் குறை சொல்லிப் பயனில்லை.) கண்டென்சர் உப்பியோ எண்ணெய் கசிந்தோ இருந்தால் சந்தேகமே வேண்டாம். புதுசு வாங்கும்போது பழையதில் போட்டிருக்கும் எம்எஃப்டி (கண்டென்சரின் கொள்ளளவு) அளவையே கேட்டு வாங்குங்கள், அரை எச்பிக்குப் பெரும்பாலும் 10, வோல்டேஜ் 440 இருக்கும். அதிக எம்எஃப்டி போட்டால் மோட்டார் வேகமாக ஓடும் என்பது வெறும் பேச்சு, காயில்தான் சூடாகும்.

ஃபேன் அசையவே இல்லையென்றால் பெரும்பாலும் பம்புக்குள் தண்ணீரைத் தள்ளுகிற சக்கரம், அதாவது இம்பெல்லர், பிடித்துக்கொண்டிருக்கும். வீடுகளில் அதிகம் இருக்கும் செல்ஃப் பிரைமிங் மாடலில் பித்தளை இம்பெல்லருக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி மிகவும் குறைவு, உப்புத் தண்ணீர் ஊரில் ஒரு மாதம் பூட்டிவிட்டுப் போனாலே அதற்குள் உப்புப் படிந்து இறுகிவிடும். ஃபேன் பக்கம் ஷாஃப்ட் நுனியில் வெட்டு இருந்தால் ஸ்க்ரூடிரைவரை வைத்து இரண்டு பக்கமும் மெதுவாக அசையுங்கள், பிளாஸ்டிக் ஃபேனைப் பிடித்து முறுக்கினால் அதுதான் உடையும். எண்ணெய் ஊற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். அந்தத் தண்ணீர்தானே தொட்டிக்குப் போகிறது! அசையாவிட்டால் முன்மூடியைக் கழற்றிச் சுரண்டி எடுப்பதுதான் வழி.

நன்றாகச் சுற்றுகிறது, தண்ணீர் மட்டும் வரவில்லை என்றால் பெரும்பாலும் எங்கோ ஏர் இழுக்கிறது. தினமும் தண்ணீர் ஊற்றினால்தான் எடுக்கிறது என்றால் சம்ப்புக்குள் பைப் நுனியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட்வால்வில் மண்ணோ கல்லோ மாட்டியிருக்கும், இல்லையென்றால் சக்‌ஷன் (தண்ணீரை இழுக்கும்) பக்கத்து யூனியனில், அதாவது கழற்றி மாட்டுகிற பைப் இணைப்பில், டேப் போய்விட்டிருக்கும். மோட்டாரைத் தொடவே வேண்டியதில்லை.

உண்மையில் மோட்டாரைக் கொல்வது சீல் கசிவுதான், நாம் கண்டுகொள்ளாமல் விடுவதும் அதைத்தான். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவில் சொட்டுச் சொட்டாக ஒழுகும், வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், "ஓடுதுல்ல, ஓடட்டும்" என்று விட்டுவிடுவோம். அந்தத் தண்ணீர் முன்பேரிங்குக்குள் போய் கிரீஸைக் கழுவி, பேரிங் கத்த ஆரம்பித்து, அப்புறம் ஈரம் காயிலுக்கே போய்விடும். (சீலுக்குப் பதில் கயிறு போட்ட பழைய கிளாண்டு மாடலில் ஓரிரு சொட்டு விழுவது சகஜம், அது வேறு.)

சீல் மாற்ற யூனியன்களைத் திறந்து மோட்டாரை வெளியே எடுங்கள், வயர்களைப் பிரிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். முன்மூடி போல்ட்டுகளைக் கழற்றினால் இம்பெல்லர் தெரியும். அதை ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் பித்தளை வளையும், எதிரெதிரே இரண்டு ஸ்க்ரூடிரைவர் கொடுத்துச் சமமாகத் தூக்குங்கள். திருகு வைத்த இம்பெல்லர் என்றால் நெம்பவே கூடாது, ஷாஃப்ட்டைப் பின்னால் பிடித்துக்கொண்டு திருகித்தான் எடுக்க வேண்டும். பின்னால் ஸ்பிரிங்கோடு கருப்புக் கார்பன் வளையம், அதற்கு எதிரே ரப்பர் கப்பில் வெள்ளைப் பீங்கான் வளையம், இரண்டும் சேர்ந்ததுதான் சீல். கார்பன் முகத்தில் கோடு கோடாகத் தேய்ந்திருப்பது கண்ணுக்கே தெரியும். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் வாங்குங்கள். போடும்போது ரப்பருக்குச் சோப்புத் தண்ணீர் போதும், கிரீஸ் வேண்டாம். இரண்டு வளையமும் உரசுகிற முகத்தில் விரல் படாமல், ஒரு துண்டு பிவிசி பைப்பை வைத்து நேராக அழுத்துங்கள். மூடிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் தாளைப் பழைய கனத்திலேயே வெட்டுங்கள், கனம் கூடினால் இம்பெல்லர் இடைவெளி கூடி பிரஷர் குறைந்துவிடும். போல்ட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். தண்ணீர் நிரப்பாமல் "சும்மா ஒரு தடவை" ஓட்டிப் பார்க்காதீர்கள், காய்ந்து ஓடினால் புது சீலும் போய்விடும்.

பேரிங் கத்தினால் முழு மோட்டாரையும் பிரிக்க வேண்டும், புல்லர் (பேரிங்கை இழுத்து எடுக்கும் கருவி) இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். வைண்டிங் கடையில் கொடுத்து, பழைய பேரிங்கில் இருக்கும் நம்பரைப் பார்த்து (6202, 6203 போல) அதே நம்பர் போடச் சொல்லுங்கள்.

எப்போது புதுசு? வார்னிஷ் கருகிய வாடை, போட்டதும் எம்சிபி விழுவது, பாடியில் ஷாக், இவை வந்தால் ரீவைண்டிங் (காயிலைப் புதிதாகச் சுற்றுவது) விலையைக் கேளுங்கள். புதுசின் விலையில் பாதியைத் தாண்டினாலோ, சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்ட் தேய்ந்திருந்தாலோ, நான் பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிடுவேன். சம்ப் அடியிலிருந்து மேல்தொட்டி வாய் வரை உயரத்தை அளந்து, பைப் வளைவுகளுக்கும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் அதிகபட்ச ஹெட்டை, அதாவது தண்ணீர் ஏறும் உயரத்தை, பார்த்து வாங்காதீர்கள், அந்த உயரத்தில் தண்ணீர் வரத்து பூஜ்ஜியம். உங்கள் உயரத்துக்கு மணிக்கு எத்தனை லிட்டர் என்று அட்டவணையில் பாருங்கள். ஐஎஸ்ஐ முத்திரை, காப்பர் வைண்டிங், பைப் அளவு, அப்புறம் உங்கள் ஊர்க் கடையிலேயே சீலும் இம்பெல்லரும் கிடைக்குமா என்பது, இந்த நான்கையும் பார்த்தால் போதும், எச்பியைக் கூட்ட வேண்டியதில்லை.

மாட்டும்போது அடியில் ரப்பர் பேட், இரண்டு பக்கமும் யூனியன், கட்டாயம் எர்த் வயர். தொட்டி நிரம்பும் வரை பக்கத்திலேயே நின்று, யூனியன்களைத் துணியால் துடைத்துத் துடைத்துக் கசிவு பாருங்கள். வாரண்டி கார்டில் கடை முத்திரையும் தேதியும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். வாரண்டி முடியும் வரை எதையும் திறக்க வேண்டாம்.